பேப்பர் பேட்ச்

அத்தியாயம் 12

செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்ததிலிருந்து ஜெயவேல் தன் மகள் அகல்யாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிறவர் அவர். வாயைத் திறந்தால் மூடாதவர். அவர் பேசாமல் இருப்பது, வீட்டுக்குப் பின்னால் ஓடும் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோனது மாதிரி இருந்தது.

பொறியியல் நுழைவுத் தேர்வில் அகல்யா வாங்கியது தொண்ணூற்றிரண்டு பர்சன்டைல். வெளியே சொன்னால், கேட்கிறவர்கள் 'அடேயப்பா, தொண்ணூத்திரெண்டா!' என்று கை கொடுப்பார்கள். அது மார்க் இல்லை, வரிசையில் நிற்கிற இடம். அந்த இடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் திருச்சி என்.ஐ.டி.யின் கேட் கூடத் தெரியாது. இந்த விவரம் தெரிந்த சில பேரில் ஒருவர் ஜெயவேல். இன்னொருவன் அவருடைய தம்பி தென்னரசு.

தென்னரசு காந்தி ரோட்டில் ஒரு மாடியில் கோச்சிங் சென்டர் நடத்துகிறான். அகல்யா படித்ததும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் வைக்கும் பேப்பர் டெஸ்ட்டில் அவளைத் தாண்டி யாரும் வந்ததில்லை. வேலூருக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எழுதிய நிஜப் பரீட்சையில், பேப்பரில் வாங்கியதில் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டாள்.

இன்று ஞாயிறு. கொசப்பாளையத்துக் கல்யாண மண்டபத்தில் அவர்களுடைய சங்கத்தின் பரிசளிப்பு விழா. ரிசல்ட் வரும் முன்பே ஜெயவேல் சங்கச் செயலாளரிடம், "தொண்ணூத்தொம்பது கன்ஃபார்ம், பேர எழுதிக்கோங்க" என்று சொல்லிவைத்திருந்தார்.

விழாவுக்குச் சேர்ந்து போகலாம் என்று தென்னரசும் அவன் மனைவி சூர்யகலாவும் காலையிலேயே அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"செல்போன புடுங்கி பீரோல வச்சிப் பூட்டிட்டாரு" என்றாள் கற்பகம், ஜெயவேலின் மனைவி, குரலைத் தாழ்த்தி.

"அகல்யா இன்னாக்கா சொன்னா?" என்று சூர்யகலா கேட்டாள்.

"சரிப்பான்னுட்டா. அதான் எனக்கு பேஜாரா கீது. அழுதாக்கூட பரவால்ல. சோறு துன்றா, படிக்கறா, போய்ப் படுத்துக்கறா. ஒரு சத்தம் இல்ல."

உள்ளறையிலிருந்து ஜெயவேல் வந்தார். பட்டுக்கரை வேட்டி, சந்தன நிறச் சட்டை. முகத்தில் மட்டும் விழாவுக்குப் போகிற களை இல்லை.

"அரசு, நீ வாத்தியாரு. நீயே சொல்லு. ஒவ்வொரு வாரமும் ஃபர்ஸ்ட்டு வந்த பொண்ணு, ஒரே நாள்ல எப்டிடா கவுந்துச்சி?"

"சில நேரம் ஆயிடும்ணா. புது இடம், பதட்டம்..."

"பதட்டம் இல்ல. போனு. நாம இல்லாத நேரத்துல அத்த நோண்டிகினு இருந்திருக்கா. எனக்குத் தெரியாதா?"

காரணம் போன் இல்லை என்று தென்னரசுக்குத் தெரியும். எது என்பதும் தெரியும். ஆனால் வேறொன்றைக் கேட்டான்.

"அண்ணா, செயலாளர்கிட்ட மார்க்க மாத்திக்கச் சொல்லிட்டியா?"

ஜெயவேல் அவனைப் பார்க்கவில்லை. "எந்த மூஞ்சிய வச்சிகினு சொல்றது? கடைக்கு வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் நானே சொன்னவன்டா. போய் ஷீல்டு வாங்கிகினு வந்துட்டு, அப்புறம் சொல்லிக்கலாம்."

அகல்யா வெளியே வந்தாள். பாவாடை தாவணி. தலை நிறையப் பூ. அம்மா வைத்துவிட்டிருக்க வேண்டும்.

"போலாம் சித்தப்பா" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தென்னரசுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

*

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் தென்னரசுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். படிக்கிற பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுக்கிற கை அவனுடையதாக இருக்க வேண்டும் என்று செயலாளருக்கு ஆசை. தோளில் பொன்னாடை கனத்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முடிந்தார்கள். செயலாளர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அடுத்து நம்ம ஆரணிக்கே பெருமை தேடிக் கொடுத்த செல்வி அகல்யா! அகில இந்திய அளவுல தொண்ணூத்தொன்பது பர்சன்டைல்! பலமா கைதட்டுங்க!"

கைதட்டல் எழுந்தது. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெயவேல் குனிந்து, கழன்றே போகாத செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அகல்யா படியேறி வந்தாள். தென்னரசு கேடயத்தை நீட்டினான். அதை வாங்கிக்கொள்ளாமல் ஒரு கணம் நின்றாள்.

"சித்தப்பா, அது தப்புன்னு மைக்ல சொல்லிடுங்க."

அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். மைக் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"சார், இப்டி பாருங்க" என்றான் போட்டோக்காரன்.

தென்னரசு அப்படிப் பார்த்தான். சிரித்தான் கூட.

அகல்யா கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள். படியில் கால் இடறியது. கைதட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

அடுத்த பெயர் ஜெயப்ரியா. அவளும் தென்னரசின் மாணவிதான். பேப்பர் டெஸ்ட்டில் எப்போதும் அகல்யாவுக்கு நாலைந்து இடம் பின்னால் வருகிறவள். அவள் வாங்கியது தொண்ணூற்றேழு. அது நிஜம். ஆனால் தொண்ணூற்றொன்பதுக்குக் கைதட்டிக் களைத்த கூட்டம் அவளுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தட்டியது.

*

பந்தியில் ஜெயவேலுக்கும் தென்னரசுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார் பரசுராமன், ஜெயப்ரியாவின் அப்பா. ஜரிகைக் கடை வைத்திருக்கிறவர். சந்தோஷத்தில் இலையைக் கூடச் சரியாகத் துடைக்கவில்லை. எதிர்வரிசையில் சூர்யகலாவுக்குப் பக்கத்தில் அகல்யா.

"சார், உங்கள நாங்க ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம்" என்று ஆரம்பித்தார் பரசுராமன். "ஆகஸ்ட்டுல கம்ப்யூட்டர்ல மொத டெஸ்ட்டு வச்சீங்களே, எங்க பொண்ணு மார்க்கப் பாத்து ஆடிப்போயிட்டேன். பேப்பர்ல வாங்கினதுல பாதி கூட இல்ல. மறுநாளே ஓடியாந்து உங்ககிட்ட நின்னேன். ஞாபகம் இருக்குதுங்களா?"

"சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்றான் தென்னரசு.

"எல்லாருக்கும் மொதல்ல கொறையும், பழகிகினே வந்தா ஏறிடும், பேப்பர்ல எழுதறது வேற, திரையில எழுதறது வேறன்னு நீங்கதானே சொன்னீங்க? வாரா வாரம் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்கார வச்சீங்க. தீபாவளி வரைக்கும் அழுதுகினே வரும். அப்புறம் புடிச்சிது பாருங்க..."

ஜெயவேலின் கை சாம்பார் சாதத்தில் நின்றது.

"இன்னா கம்ப்யூட்டர் டெஸ்ட்டு?"

"அதாண்ணே, நம்ம சார் சென்டர்லயே வைக்கறாரே. அகல்யா கூட எழுதியிருக்குமே?"

ஜெயவேல் பரசுராமனைத் தாண்டித் தம்பியைப் பார்த்தார்.

"அரசு. அகல்யாவுக்கு வச்சியா?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் பக்கத்து இலைகளில் பேச்சு நின்றது.

"மோரு, மோரு" என்று வாளியோடு வந்தான் பரிமாறுகிறவன். தென்னரசு டம்ளரை எடுத்து நீட்டினான். மோர் விழுந்து நிரம்பும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்வரிசையில் அகல்யா எழுந்து நின்றாள்.

"நான்தான்பா போகல. சித்தப்பா கூப்ட்டாரு. பேப்பரே போதும்னு நான்தான் சொல்லிட்டேன்."

ஜெயவேல் எழுந்தார். வரிசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். வலது கை எச்சிலாக இருந்ததால் இடது கையால் அடித்தார். அந்தச் சத்தம் மண்டபத்தின் கடைசி மேசை வரைக்கும் போயிற்று.

"ஒரு வருசம்! ஒரு வருசமா ஊர் பூரா உன் பேர சொல்லிகினு திரிஞ்சேன்டி நானு!"

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அகல்யா கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. இலையைப் பாதியில் மடித்துவிட்டுக் கை கழுவப் போனாள். கற்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பரசுராமன் விக்கித்துப்போய், "நான் ஏதாச்சும் தப்பா..." என்று இழுத்தார்.

சூர்யகலா எழுந்திருக்கவில்லை. அவள் அகல்யாவைப் பார்க்கவில்லை, ஜெயவேலையும் பார்க்கவில்லை. எதிரே, மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவையைக் கூட மாற்றாமல் சூர்யகலா கேட்டாள்.

"அவ ஏன் அப்டி சொன்னா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியும். நான் உங்க மூஞ்சியப் பாத்துகினு இருந்தேன்."

அவளும் ஆசிரியைதான். அரசுப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். பொய் சொல்கிற முகத்தைப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்காது.

தென்னரசு பொன்னாடையை மடித்தான். பிரித்தான். மறுபடியும் மடித்தான். பிறகு அதை அங்கேயே போட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

பரீட்சை கம்ப்யூட்டரில்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'கேள்வி ஒண்ணுதானே, பேப்பர்ல வந்தா என்ன, திரையில வந்தா என்ன' என்று அவனும் நினைத்திருந்தான். ஒரு முயற்சிக்காகத்தான் ஆகஸ்டில் பழைய கம்ப்யூட்டர்கள் பத்து வாங்கிப் போட்டான். அதே மாதிரிக் கேள்விகள், அதே நேரம். பேப்பரில் நன்றாக எழுதுகிற பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் சரிந்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சரிந்தவள் அகல்யா.

"பேப்பர்னா அவ கேள்வித்தாள் மேலயே வேலை செய்வா. படத்துல கோடு போடுவா, முக்கியமானத சுழிப்பா. மொதல்ல எல்லாத்தையும் ஒரு புரட்டுப் புரட்டி, சுலபமானத முடிச்சிட்டு வருவா. திரையில அதெல்லாம் முடியல. கேள்வி மேல இருக்கு, கணக்கு கீழ ரஃப் தாள்ல. தலைய தூக்கி, தலைய கவுத்து, நம்பர மாத்தி எழுதிடறா. டெஸ்ட்டு முடிஞ்சதும் வந்து, 'சித்தப்பா, எனக்கு இது வரல, இன்னும் நாலு தடவ எழுதிப் பாக்கறேன்'னு கேட்டா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"பாடத்துல நீ கெட்டி. மெஷின் ஒரு விஷயமே இல்ல, அப்புறம் பாத்துக்கலாம்னேன்."

"ஏன்?"

தென்னரசு பொன்னாடையை எடுத்து நாற்காலி மேல் போட்டான்.

"பழைய பஸ் ஸ்டாண்டுல அவ போட்டோ போட்டு பேனர் வச்சது அந்த வாரம்தான். வாரா வாரம் ஃபர்ஸ்ட்டுன்னு. கம்ப்யூட்டர்ல ஒக்கார வச்சா, பழகறதுக்குள்ள ரெண்டு மூணு மாசம் கீழதான் இருப்பா. சென்டர் போர்டுல அவ பேரு பத்தாவது, பதினஞ்சாவதுல வரும். பசங்க வீட்ல போய்ச் சொல்லுவாங்க. அட்மிஷன் நேரம்..."

"அதனால?"

"அந்த டெஸ்ட்டு மார்க்க போர்டுலயே போடல. வந்து சண்டை போட்ட பேரண்ட்ஸ் பசங்கள மட்டும் கம்ப்யூட்டர்ல ஒக்கார வச்சேன். மத்தவங்கள பேப்பர்லயே விட்டுட்டேன். தீபாவளிக்கு அப்புறம்னு நெனச்சேன். அப்புறம் பொங்கலுக்கு அப்புறம்னு நெனச்சேன். பரீட்சையே வந்துடுச்சி."

சூர்யகலா பூவைத் தலையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"ஊரான் வீட்டுப் பொண்ணு அழுதுகினே பழகிகிச்சி. நம்ம பொண்ணு உங்களுக்கு போட்டோவா நின்னுச்சி."

"கலா..."

"அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க. இப்பவே. நான் வரல. நான் பக்கத்துல நின்னா, எனக்குப் பயந்து பாதி சொல்லிட்டுப் பாதிய முழுங்கிடுவீங்க. தனியா போய் முழுசா சொல்லிட்டு வாங்க."

*

அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓட்டுவதில்லை. ஜெயவேலேதான் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். யாரிடமும் பேச முடியாதபோது அவர் செய்கிற வேலை அது.

தம்பியைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார்.

"வாடா. அந்தப் பொண்ணு உன் பேரையும் சேத்துக் கெடுத்துட்டா. பந்தியில நீ தல குனிஞ்சி ஒக்காந்துகினு இருந்தத பாக்கசொல்ல எனக்கு வயிறு எரிஞ்சிது."

தென்னரசு உட்காரவில்லை.

"அண்ணா, அவ பொய் சொன்னா. எனக்காக."

மனைவியிடம் சொன்னதை அப்படியே சொன்னான். இங்கே சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. சமையலறை வாசலில் கற்பகம் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அகல்யா. ஒரு கன்னம் இன்னும் தடித்திருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஜெயவேல் தன் இடது கையை ஒருமுறை பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நீ பேனர் வச்ச" என்றார் மெதுவாக. "நான் வாயாலயே பேனர் வச்சிகினு திரிஞ்சேன். அவ படிக்கறது கம்ப்யூட்டர்லயா பேப்பர்லயான்னு ஒரு நாள் வந்து எட்டிப் பாத்தனா? பரசுராமன் வந்து கேட்டான். நான் வரல. எல்லார் முன்னாடியும் கையை மட்டும் நீட்டிட்டேன்."

"அண்ணா, தப்பு என்னோடது. என்ன நாலு வார்த்த திட்டு."

"திட்டினா உனக்கு ஆறிடும்" என்றார் ஜெயவேல். "அதனாலதான் திட்டல."

கற்பகம் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி, அப்பவே உண்மைய சொல்றதுக்கு இன்னா?"

"அங்க சென்டர் பசங்க, பேரண்ட்ஸ் எல்லாம் இருந்தாங்கம்மா. சித்தியும் பக்கத்துல இருந்தாங்க" என்றாள் அகல்யா. பிறகு தென்னரசை நேராகப் பார்த்தாள். "ஆனா உங்கள காப்பாத்தணும்னு மொதல்ல நான் நெனக்கல சித்தப்பா. அப்பா கேட்டதும் நீங்களே சொல்லிடுவீங்கன்னு காத்துகினு இருந்தேன். நீங்க மோர் வாங்கிகினு இருந்தீங்க."

தென்னரசு தரையைப் பார்த்தான். வகுப்பில் தவறான விடை சொல்லிவிட்டு நிற்கிற பிள்ளைகள் இப்படித்தான் தரையைப் பார்ப்பார்கள். 'நிமிந்து பாரு' என்று அவன் அதட்டுவான்.

"வேலூர்ல இன்னா ஆச்சும்மா?" என்றார் ஜெயவேல். மகளிடம் கேட்டார்.

அகல்யா அப்பாவுக்கு எதிரே, தறிக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்தாள்.

"ஒரு மூலையில நேரம் ஓடிகினே இருக்கும்பா. கண்ணு அங்கயே போகும். சில கேள்விக்கு விடைய நாமளே நம்பரா போடணும். அதுக்குக் கீபோர்டு கிடையாது. திரையில வர்ற நம்பர மவுஸால ஒண்ணொண்ணா அமுக்கணும். எனக்குக் கை ஆடுது. பிசிக்ஸ்ல ஒரு படம், பாதிதான் தெரியுது. மீதிய கீழ இழுத்துப் பாக்கணும்னே எனக்குத் தோணல. படம் தப்பா இருக்குன்னு நெனச்சி அந்தக் கணக்க விட்டுட்டேன். வெளிய வந்து ஜெயப்ரியா சொன்னப்பதான் தெரிஞ்சிது. ரெண்டு கேள்விக்கு விடைய தட்டிட்டு, சேவ் பண்ணாமலே அடுத்ததுக்குப் போயிருக்கேன். எல்லாம் எனக்குத் தெரிஞ்ச கணக்குப்பா. வீட்டுக்கு வந்து நோட்டுல போட்டுப் பாத்தேன். எல்லாமே வந்துது. அதுக்கப்புறம் யார்கிட்டயும் எதுவும் சொல்லத் தோணல. என்னாலயே நம்ப முடியல, தெரிஞ்சதையே எப்டி தப்பா எழுதினேன்னு."

அப்போதுதான் அழுதாள். ஐந்து நாளாக வராத அழுகை. கற்பகம் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஜெயவேல் கையைத் தூக்கினார். மகளின் தலையில் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தார். அகல்யாதான் நகர்ந்து உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள்.

"ஏப்ரல்ல இன்னொரு சான்ஸ் இருக்குண்ணா" என்றான் தென்னரசு. "பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சதும் தெனம் கம்ப்யூட்டர்ல ஒக்காரட்டும். நானே கூட இருந்து..."

"அதுக்கு மொதல்ல ஒண்ணு சித்தப்பா" என்றாள் அகல்யா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேப்பர்லயே விட்டது என்ன மட்டுமா? எங்க பேட்ச்ல மத்தவங்க?"

தென்னரசு வண்டிச் சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான்.

"சங்கீதாக்கா இருக்காங்க இல்ல, வந்தவாசி பக்கத்துல இருந்து பஸ்ல வருவாங்களே. போன வருசமே பிளஸ் டூ முடிச்சிட்டு, இதுக்காகவே ஒரு வருசம் வீட்ல சண்டை போட்டு வாங்கிகினு வந்தவங்க. ரிசல்ட்டு அன்னிக்கு எனக்கு போன் பண்ணி, 'எனக்கு மூள இல்லன்னு தெரிஞ்சிபோச்சி அகல்யா'ன்னு சொன்னாங்க. அதுக்குள்ள அப்பா போன வாங்கிட்டாரு. அவங்களுக்கு இத யாரு சொன்னா?"

சங்கீதா. மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம். சந்தேகம் கேட்டால் எழுந்து நின்றுதான் கேட்பாள், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள். ஆகஸ்டில் அவளுக்கும் மார்க் சரிந்தது. அவள் அப்பா சின்னப்பையனுக்கு நெல்லும் மணிலாக் கடலையும் தெரியும். சென்டருக்கு ஓடிவந்து கேட்க வேண்டும் என்று தெரியாது.

தென்னரசு போனை எடுத்தான். அவர்கள் முன்னாலேயே நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டான். மறுமுனையில் உடனே எடுத்தார்கள். அமைதியான அந்த வீட்டில் சின்னப்பையனின் உரத்த குரல் எல்லோருக்கும் கேட்டது.

"சார்! வணக்கம் சார். நானே உங்களுக்கு போன் பண்ணியிருக்கணும். எந்த மூஞ்சிய வச்சிகினு பண்றதுன்னு இருந்துட்டேன் சார்."

"சங்கீதா இருக்காளாங்க? அவகிட்ட பேசணும்."

"அது இல்ல சார். காலையிலதான் திருப்பூர் பஸ் ஏத்தி உட்டேன். பனியன் கம்பெனில வேல. எங்க மச்சினிச்சி கூட்டிகினு போச்சி."

"போன் இருக்குங்களா அவகிட்ட?"

"இங்கயே வச்சிட்டுப் போயிடுச்சி சார். இனிமே எனக்கு எதுக்கும்மா இதுன்னு அவங்க அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிடுச்சி. எந்தக் கம்பெனின்னு எனக்கும் சரியாத் தெரியல. போய்ச் சேந்ததும் சொல்றேன்னாங்க." சின்னப்பையன் மூச்சை இழுத்துக்கொண்டார். "ஒரு வருசமா நீங்க எவ்ளோ சொல்லிக் குடுத்தீங்க சார். எல்லாத்தையும் பாழ் பண்ணிட்டு வந்து நின்னுச்சி. உங்க சென்டர் பேரே கெட்டுப்போயிருக்கும். எங்கள மன்னிச்சிடணும் சார்."

தென்னரசின் காது சுட்டது. போனை மாற்றிப் பிடித்தான்.

"மன்னிப்பு நீங்க கேக்கக் கூடாதுங்க. அவ மேல தப்பே இல்ல. தப்பு என்னுது. நான்தான் அவள சரியாத் தயார் பண்ணல."

மறுமுனையில் சின்னப்பையனின் குரல் தழுதழுத்து வந்தது.

"எங்க பொண்ணு செஞ்சதுக்குப் பழிய நீங்க ஏத்துக்கறீங்களே. உங்களுக்குப் பெரிய மனசு சார்."

தென்னரசு வாயைத் திறந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எதிரே அகல்யா எழுந்து நின்று, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.